கம்பெனிக் கவரில் தென்காசி வரை

மழையில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு முதலில் நனைவது பின்பக்கம். மேலேயிருந்து விழுகிற தண்ணீரைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். பின்சக்கரம் ரோட்டுத் தண்ணீரை வாரி வாரி இடுப்புக்குக் கீழே அடிக்கும் என்பது கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைக்கும். சீட்டுக்குப் பின்னால் ஒரு அட்டையோ பிளாஸ்டிக் தகடோ கட்டிக்கொண்டால் பாதி துன்பம் தீர்ந்தது. இப்படி ஏழெட்டு உபாயங்கள் எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பயணத்தில் எனக்கு மிஞ்சியது இந்த உபாயங்கள் மட்டும்தான் என்பதை நான் சொல்வதில்லை. வேலை போயிற்று. அதைவிடப் பெரிதாக நான் நினைத்திருந்த ஒருவன் போனான்.

நான் மணிமங்கலத்துக்காரன். வல்லம் வடகாலில் காருக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன அந்த ஒருவனுக்கும் அதே லைன், பக்கத்து மெஷின். தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து குன்றத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். இருவருக்கும் ஒரே வயது. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அவனுக்கு ஆகவில்லை. ஷிப்டில் நான் கழிப்பறைக்குப் போனால் என் மெஷினையும் சேர்த்து அவன் பார்த்துக்கொள்வான், அவன் போனால் நான். இது எங்கள் லைனில் எல்லோரும் எல்லோருக்கும் செய்கிற காரியம் இல்லை. நம் மெஷினில் அடுத்தவன் கையால் ஒரு பீஸ் கெட்டுப்போனாலும் பழி நம் தலையில்தான் விழும். அதனால் நம்பிக்கையானவனிடம்தான் விட்டுவிட்டுப் போவோம். நான் அவனிடம் விட்டுப் போவேன்.

எங்கள் இருவருக்கும் சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் உத்திரமேரூர், மாமல்லபுரம் என்று போய் வருவோம். இன்னும் தூரம் போகலாம் என்று அவன்தான் ஆரம்பித்தான். அவன் ஊர் வரைக்கும் போவது என்று முடிவானது. எங்கள் கம்பெனியில் மெஷின்களை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் தீபாவளியை ஒட்டித்தான் வரும். ஆகவே எங்கள் லீவும் ஐப்பசி மழையும் கூடப் பிறந்தவை. வெயில் காலத்தில் போகலாமே என்று கேட்பவர்கள் ஃபேக்டரியில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவருமே கான்ட்ராக்ட். தீபாவளி கழிந்ததும் எங்கள் லைனில் சிலரை பர்மனன்ட் ஆக்கப் போகிறார்கள், உங்கள் இருவரைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன் என்று சூப்பர்வைசர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அதே மெஷின், அதே ஷிப்ட், அதே கேன்டீன் சாம்பார்தான். ஆனால் கான்ட்ராக்ட்காரனை நாளைக்கு வராதே என்று சொல்ல யாருக்கும் காரணம் தேவையில்லை. கடன் கொடுக்கிறவர், வீடு வாடகைக்கு விடுகிறவர், பெண் கொடுக்கிறவர் என்று எல்லோரும் முதலில் கேட்பது, பர்மனன்ட்டா என்பதைத்தான். எனக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. வருடக்கணக்காக அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு ஓ.டி. பார்த்தேன்.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு அவன் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தான். உள்ளே நீல நிறத்தில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கவர்கள். எங்களுக்கு இரும்புப் பாகங்கள் இந்தக் கவரில் சுற்றித்தான் பெட்டியில் வரும். துருப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்து செய்த, தடிமனான கவர். பாகத்தை வெளியே எடுத்ததும் கவர் ஸ்கிராப்புக்குப் போய்விடும். இதில் மழைச்சட்டை செய்தால் கடையில் விற்கிற ரெயின்கோட்டெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது என்று கேன்டீனில் பேசிச் சிரித்திருக்கிறோம். சிரித்ததோடு சரி. ஏனென்றால் எங்கள் கேட்டைத் தாண்டி வளைந்த ஆணி ஒன்று வெளியே போனாலும் வேலை போய்விடும்.

அதனால் கேட்டேன். “டேய், கேட்டுட்டுதானே எடுத்தாந்த?”

“ஸ்டோர்ஸ்ல கேட்டாச்சு மாப்ள. தூரப் போடுததுதான, எடுத்துக்கிடுங்கன்னுட்டாவ. செக்யூரிட்டிகிட்டயும் சொல்லியாச்சு. நீ வெட்டுத வேலையப் பாரு” என்றான்.

நான் நம்பினேன். மெஷினையே யாரிடம் நம்பி விட்டுப் போகிறேனோ அவனை ஒரு கவருக்கா சந்தேகப்படுவேன்?

அன்று மாலை முழுக்க வெட்டினேன். தலைக்கு ஒரு ஓட்டை, கைகளுக்கு இரண்டு. ஓரங்களை மடித்து, நடுவில் பேப்பர் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினேன். அக்குளில் காற்றுப் போகக் கத்தரியால் கீறினேன். அது இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து, மழை பெய்யாமலே நனைந்துவிடுவோம். மிச்சத் துண்டுகளில் ஷூவுக்கும் பைக்கும் உறை செய்தேன். இஸ்திரிப் பெட்டியின் அடியில் நீலமாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டது.

“இன்னா பண்ணி வச்சிகிறீங்க? வூடு ஃபுல்லா நாத்தம். நாளைக்குப் புள்ளையோட யூனிபார்ம எதுல தேய்க்கிறது?” என்று மனைவி கத்தினாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கவரில் கம்பெனியின் பெயர் ஒரு பக்கம் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. “எனக்கு எழுத்து இல்லாத பக்கமா வெட்டு மாப்ள. ஊர்ல பயலுவ கேலி பண்ணுவானுவ” என்றான். அப்படியே வெட்டிக் கொடுத்தேன். என்னுடையதில் முதுகு முழுக்கக் கம்பெனி பெயர் வந்தது. அவன் அன்றைக்கே யோசித்துத்தான் சொன்னானா, இல்லை உண்மையிலேயே கூச்சமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு தென்காசி வரை அது எங்களை முழுதாக விடவேயில்லை. மழையில் பிரேக் பிடித்தவுடன் நிற்காது. சக்கரத்து விளிம்பில் இருக்கிற தண்ணீரை வழித்துத் தள்ளிய பிறகுதான் ரப்பர் பிடிக்கும், ஆகவே நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே அழுத்த ஆரம்பிக்க வேண்டும். ரோட்டில் அடித்திருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறினால் வழுக்கும். தேங்கிய தண்ணீருக்குள் நேராக விடக் கூடாது, கீழே பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. கன்டெய்னர் லாரி கடந்து போகும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதன் டயர் வாரியிறைப்பது மழைத் தண்ணீர் இல்லை, சேறு. செயினில் இருக்கிற எண்ணெய் அரை நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். பஞ்சர் கடையில் கெஞ்சிக் கொஞ்சம் கிரீஸ் வாங்கித் தடவிக்கொள்வோம். தொடை உரசிப் புண்ணாகாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய். இரவில் ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து வைத்தால் காலையில் ஈரம் பாதியாகக் குறைந்திருக்கும்.

இவ்வளவையும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மறைத்தால் பிறகு வந்த வலி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் புரியாது.

டீக்கடைகளில் என் முதுகைப் படித்துவிட்டு, “கம்பெனி அனுப்பி வச்சிருக்கா?” என்று கேட்பார்கள். நான் இல்லை என்று சொல்வதற்குள் அவன், “ஆமாண்ணே, விளம்பரத்துக்கு” என்பான். விழுந்து விழுந்து சிரிப்போம். திண்டிவனம் தாண்டி ஒரு மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது, பைக்கில் வந்த ஒருவர் போனை எடுத்து எங்களை வீடியோ எடுக்க ஆரம்பித்தார். கொட்டுகிற மழையில் தென்காசிக்குச் சைக்கிளா என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். எனக்குக் கேமரா என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவன்தான் பேசினான். பேசிக்கொண்டே என் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகைக் கேமராவுக்குக் காட்டினான்.

“இது எங்க கம்பெனி கவர்ணே. மாப்ள கைப்பட செஞ்சது. ஒரு சொட்டு உள்ள வராது, பாத்துக்கிடுங்க” என்றான்.

நானும் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

பெரம்பலூருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பியில் மாட்டி அவன் கவர் தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. ஒட்ட டேப் வைத்திருந்தோம், ஈரத்தில் டேப் ஒட்டவில்லை. மதியத்துக்குள் அவனுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி என்னுடையதைக் கழற்றி அவனுக்குப் போட்டேன். வேண்டாம் என்று சொன்னான், போட்டுக்கொண்டான். அவன் பையையும் என் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வெறும் சட்டையோடு மழையில் அவனுக்கு முன்னால் ஓட்டினேன். முன்னால் போகிறவன்தான் எதிர்காற்றைத் தாங்குவான், பின்னால் வருகிறவனுக்குக் கொஞ்சம் சுலபம். திருச்சியில் ஒரு மருந்துக் கடை வாசலில் மாத்திரை விழுங்கிவிட்டு, “நீ மட்டும் இல்லன்னா நான் செத்திருப்பேன் மாப்ள” என்றான். அப்போது அவன் பொய் சொல்லவில்லை. இன்றும் அதை நம்புகிறேன், நம்புவதுதான் என்னை அதிகமாகக் கோபப்படுத்துகிறது.

அவன் ஊரில் அவனுடைய அம்மா வாசலிலேயே துண்டோடு நின்றார். மகனை விட்டுவிட்டு முதலில் என் தலையைத் துவட்டினார். “யய்யா, எம்புள்ளயப் பத்திரமா கொண்டாந்து சேத்துட்டியே” என்று கன்னத்தைத் தடவினார். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அவனுக்கு ஒரு இடத்தில் பெண் பார்த்திருக்கிறார்களாம். பெண்ணின் அப்பா, பையன் பர்மனன்ட் ஆகட்டும், அப்புறம் தேதி குறிப்போம் என்று நிறுத்தி வைத்திருக்கிறாராம். “ரெண்டு பேருக்கும் சேந்தே ஆவும்மா” என்று நான் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான்.

சைக்கிள்களை பஸ்ஸில் போட்டுத் திரும்பி வந்தோம். ஷட்டவுன் முடிந்து முதல் நாள், கேட்டிலேயே செக்யூரிட்டி நிறுத்தினார். அந்த வீடியோ எங்களுக்கு முன்பே கம்பெனிக்கு வந்து சேர்ந்திருந்தது. யாரோ பெருமையாக நினைத்து கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் அதில் பார்த்தது மழையையோ சைக்கிளையோ இல்லை, முதுகைத்தான்.

எச்.ஆர். அறைக்கு முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பெரிய பயம் இல்லை. ஸ்டோர்ஸில் கேட்டுத்தானே எடுத்தோம், ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவன் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒண்ணுமில்ல மாப்ள. ஒத்துக்கிட்டா விட்ருவாவ” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு லைனுக்குப் போய்விட்டான்.

எதை ஒத்துக்கொள்வது என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

எச்.ஆர். அதிகாரி பொறுமையான மனிதர். வீடியோவைப் போட்டுக் காட்டினார். “கம்பெனி மெட்டீரியலை நீங்கதான் வெளியே கொண்டு போனீங்கன்னு உங்க ஃப்ரெண்டு சொல்றாரு. வீட்ல வச்சு நீங்க தச்சுக் குடுத்தீங்க, கேட்டு வாங்கினதுன்னு சொன்னீங்க, அதனால போட்டுக்கிட்டேன்னு சொல்றாரு.”

நான் சொல்ல வேண்டியதை அவன் முந்திக்கொண்டு எனக்கே திருப்பி விட்டிருந்தான். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை, ஆளை மட்டும் மாற்றியிருந்தான். நான் கத்தினேன். கவரை எடுத்து வந்தது அவன், ஸ்டோர்ஸில் கேட்டதாகச் சொன்னது அவன் என்றேன். ஸ்டோர்ஸ்காரரைக் கூப்பிட்டார்கள். “எங்கிட்ட யாரும் கேக்கல சார்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவன் கேட்கவே இல்லை. சூப்பர்வைசர் மூலையில் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரையும் சிபாரிசு செய்தவர் அவர், ஒருவனாவது மிஞ்சினால் போதும் என்று நினைத்திருப்பார். வீடியோவில் அவன் குரல் திரும்பத் திரும்ப ஓடியது. மாப்ள கைப்பட செஞ்சது, மாப்ள கைப்பட செஞ்சது.

கடைசியில் அதிகாரி சொன்னார்: “தூக்கிப் போடற கவர்தான், தெரியும். நான்தான் எடுத்தேன், தப்புதான்னு வாயால சொல்லிடுங்க. வார்னிங்கோட முடிச்சிடலாம். பர்மனன்ட் இந்த வாட்டி கிடையாது, ஆனா வேலை இருக்கும்.”

“நான் எடுக்கல சார்.”

“யோசிச்சு சொல்லுங்க.”

“எடுக்காதத எடுத்தேன்னு எப்படி சார் சொல்றது?”

அத்தோடு முடிந்தது. அன்று மதியமே அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். லைன் பக்கம் போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம் என்றுதான் நினைத்தேன், செக்யூரிட்டி விடவில்லை. ஆள் அனுப்புகிற ஏஜென்சிகளுக்குள் இந்த மாதிரிச் செய்தி சீக்கிரம் பரவும். அதன் பிறகு ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எந்தக் கம்பெனி வாசலிலும் என்னை உள்ளே விடவில்லை. இப்போது படப்பையில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறேன்.

மனைவி முதலில் அவனைத் திட்டினாள். பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தாள். “ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிகினு வந்தா இன்னா கொறஞ்சிடும்? உங்க வாயில இன்னா முத்தா கொட்டிடும்? எனக்கும் புள்ளைக்கும் ஓசரம் சொல்லக் கூடாதா?” என்றாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எத்தனையோ முறை விளக்கப் பார்த்தேன். அவன் என் மேல் தூக்கிப் போட்டதை நானே எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது என்றேன். அவளுக்கு அது வீம்பாகத்தான் பட்டது. அதற்கப்புறம் வீட்டில் எது குறைந்தாலும், “அந்த ஒரு வார்த்த” என்று ஆரம்பித்துவிடுவாள்.

அவன் பர்மனன்ட் ஆனான். பல மாதங்கள் நான் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனாகவே கூப்பிட்டான். ஊரிலிருந்து பேசினான். கல்யாணத் தேதி குறித்தாயிற்றாம்.

“நீ வரணும் மாப்ள. நீ வராம எப்படி” என்றான், ஏதோ நேற்றுதான் சேர்ந்து டீ குடித்தது போல.

திட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. “டேய், எனக்கு வேல வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தக் கவர நீதான் எடுத்தாந்தன்னு ஒரே ஒரு தபா சொல்லு. ஊருக்குச் சொல்லாத, எங்கிட்ட சொல்லு, போதும்” என்றேன்.

“பழச விடு மாப்ள. இந்தா, அம்மா பேசணும்ங்காவ” என்று சொல்லிப் போனைக் கைமாற்றிவிட்டான்.

“யய்யா, நல்லாருக்கியா? வேற நல்ல வேல கெடச்சுப் போயிட்டியாமே, இவன் சொன்னான். ரொம்ப சந்தோசம்யா” என்றார் அவனுடைய அம்மா. நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். “பொண்ணு வீட்டுக்காரவ வந்திருக்காவ. உன்னப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்த மழையில எம்புள்ளைக்குன்னு கம்பெனியில இருந்து கவர எடுத்தாந்து, ராப்பகலா உக்காந்து ஒட்டிக் குடுத்தியாமே. நீதான எடுத்தாந்த? இவன் சொல்லிச் சொல்லி அழுவான்யா. நீ செஞ்சத நான் சாவுத மட்டும் மறக்க மாட்டேன்.”

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் போல, பின்னால் ஆட்கள் பேசுவது கேட்டது. அவனும் அங்கேதான் நின்றிருப்பான். என் தலையைத் துவட்டிய அந்த அம்மா, சிரித்த குரலோடு பதிலுக்குக் காத்திருந்தார்.

“ஆமாம்மா. நான்தான் எடுத்தாந்தேன்” என்றேன்.

தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.